வாடாத இலைகள்: துணி, காகிதம், நார் கொண்டு இலை செய்யத் தொடங்குவோருக்கு

கையால் செய்த இலை ஒன்று பார்த்தவுடன் இலையாகத் தோன்றுவதும், இலை வடிவில் வெட்டிய பச்சைத் துண்டாகவே நின்றுவிடுவதும் நிறத்தைப் பொறுத்தவை அல்ல. விளிம்பை எவ்வளவு நேர்த்தியாக வெட்டினோம் என்பதும் இரண்டாம் இடத்தில்தான் வருகிறது. நடுநரம்பிலிருந்து பக்க நரம்புகள் எந்தத் திசையில் ஓடுகின்றனவோ, அந்தத் திசையில் நாம் எடுத்துக்கொண்ட பொருளின் இழையும் ஓடுகிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. நெய்த துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் உண்டு. கிரேப் தாளில் நெருக்கமான சுருக்கக் கோடுகள் ஒரே திசையில் செல்கின்றன. வாழைநாரும் சணலும் நீளவாக்கில் மட்டுமே வலுவுடையவை. இந்த இழைப்போக்கை இலையின் நரம்போடு பொருத்திக்கொண்டால், கத்தரிக்கோல் இன்னும் கைக்குப் பழகாதவர் செய்யும் இலைகூடத் தேறிவிடும். பொருத்தாமல் விட்டுவிட்டு, அதன்மேல் ஜிகினாவும் மணியும் ஒட்டி ஈடுகட்ட முயல்வது வீண்.

இங்கே மூன்று இலைகளைச் செய்யும் முறை தரப்படுகிறது: கிரேப் தாளில் மாவிலை, பருத்தித் துணியில் வெற்றிலை, கலப்பு நார்களில் அரசிலை. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் இயல்போடு ஒத்துப்போகும் இலை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. இம்மூன்றும் கைவந்தபின் பலா, கொய்யா, பூவரசு ஆகியவற்றைத் தாமாகவே செய்துவிடலாம். வேப்பிலையை மட்டும் தொடக்கத்தில் தொடவேண்டாம். ஒரே ஈர்க்கில் பல சிற்றிலைகள், ஒவ்வொன்றும் ஒருபக்கம் வளைந்து விளிம்பில் பற்களுடன் இருப்பதால், அது பொறுமையைத்தான் சோதிக்கும்.

மாதிரி எடுத்தல்

எந்த இலையைச் செய்யப்போகிறோமோ அதன் உண்மையான இலை ஒன்றைப் பறித்து வந்து மேசைமேல் வைத்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் கிடைக்கும் படங்களை அச்சிட்டு வெட்டுவதைவிட இது எளிது, பயனும் மிகுதி. இலையின் அடிப்பக்கம் மேலே இருக்குமாறு வைத்து, அதன்மீது மெல்லிய வெள்ளைத்தாளைப் பரப்பி, மெழுகு வண்ணக்குச்சியைப் படுக்கவைத்துத் தேய்த்தால், நரம்புகள் அனைத்தும் தாளில் பதிந்துவிடும். நடுநரம்புக்கும் பக்க நரம்புக்கும் இடையிலுள்ள கோணம், பக்க நரம்பு விளிம்பை எட்டும்முன் மேல்நோக்கி வளைகிறதா என்பது, காம்பின் நீளம் ஆகிய மூன்றையும் அதிலிருந்து குறித்துக்கொள்ளலாம். பிறகு இலையின் விளிம்பைக் கெட்டி அட்டையில் வரைந்து வெட்டினால் மாதிரி அட்டை தயார். தாளை இரண்டாக மடித்து வெட்டி இருபுறமும் அச்சாக ஒத்திருக்கச் செய்யும் பழக்கம் பலருக்கு உண்டு. மரத்தில் அத்தகைய இலை அரிது. இரு பாதிகளுக்கும் இடையே மயிரிழை வேறுபாடு இருப்பதே அழகு.

வேண்டிய பொருள்கள்

துணியைப் பொறுத்தவரை தையற்கடையில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளே போதும். அவை பருத்தியா, பட்டா, பாலியஸ்டரா என்று சொல்லித் தருவார் இல்லை என்பதால், ஒரு நூலை உருவி எடுத்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே இடுக்கியில் பிடித்து எரித்துப் பார்ப்பது நல்லது. பருத்தி காகிதம் எரியும் வாடையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு முடி கருகும் வாடை வீசும். அதன் சாம்பல் விரலில் நசுங்கும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக இறுகும். இஸ்திரிப் பெட்டியின் சூட்டை எவ்வளவு வைப்பது என்பதை இந்தச் சோதனையே தீர்மானிக்கிறது: பருத்திக்கு மிகுந்த சூடு, பட்டுக்குக் குறைந்த சூடு, அதுவும் மேலே ஒரு மெல்லிய பருத்தித் துணியை விரித்த பிறகே. சரிகை உள்ள துண்டாக இருந்தால் ஓரத்தில் தேய்த்துப் பார்க்காமல் நடுவில் பெட்டியை வைக்கக் கூடாது. இன்று விற்கும் சரிகையில் ஒரு பகுதி உலோகப் பூச்சுப் பூசிய பாலியஸ்டர் இழைதான், சூட்டில் சுருங்கிவிடும்.

காகிதத்தில் கிரேப் தாள் முதன்மையானது. அதோடு, பனியன் துணிக் கழிவு போன்ற பருத்திக் கழிவிலிருந்து செய்யப்படும் கைக்காகிதம் கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளலாம். நனைத்து நெளித்து உலரவிட்டால் அந்த வடிவத்தை விடாது பிடித்துக்கொள்ளும். நார்களுக்குப் பூக்கடையில் பூக்கட்டப் பயன்படும் வாழைநார், முறுக்குப் பிரித்த சணல், எம்பிராய்டரி நூலின் வெட்டு நுனிகள், பட்டு நூல் கழிவு ஆகியவை போதும். தேங்காய் நார் வேண்டாம். முரட்டுத்தனமாக நிமிர்ந்துகொண்டு பசைக்கு அடங்காது.

இவற்றோடு 26 ஆம் எண் (கேஜ்) மெல்லிய கம்பி, காம்புக்குச் சற்றுத் தடித்த கம்பி, செயற்கைப் பூக்களின் காம்பில் சுற்றும் பச்சை டேப், கூரிய கத்தரிக்கோல் இரண்டு, தையற்கடைக்காரர் பயன்படுத்தும் ஒட்டு கேன்வாஸ், கொசுவலைத் துண்டு ஒன்று, கெட்டியான பாலித்தீன் தாள் ஒன்று ஆகியவை வேண்டும். கத்தரிக்கோல் இரண்டு எதற்கென்றால், காகிதம் வெட்டிய கத்தரி துணிக்கு உதவாது. முனை மழுங்கி இழையை வெட்டாமல் மென்றுவிடும்.

பசை இரண்டு வகை. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை விரைவில் உலரும். உலர்ந்தபின் நிறமின்றித் தெளிந்துவிடும். மைதாப் பசை மெதுவாக உலர்வதால் தவறாக ஒட்டியதை நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கிறது. ஒரு பங்கு மைதாவை ஒரு பங்கு குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, மூன்று நான்கு பங்கு கொதிநீரை ஊற்றிக் கிளறியபடியே சிறுதீயில் வைத்தால், மாவின் வெண்மை போய்க் கண்ணாடிப் பதம் வரும். அப்போது இறக்கிவிட வேண்டும். பூச்சி அரிக்காமலிருக்கப் புத்தகம் கட்டுவோர் இதில் மயில்துத்தம் சேர்ப்பது வழக்கம். அது நஞ்சு, குழந்தைகள் கையாளும் அலங்காரப் பொருளுக்கு அதைச் சேர்க்காமல், இரண்டு மூன்று சொட்டுக் கிராம்பு எண்ணெயோடு நிறுத்திக்கொள்வதே சரி.

கிரேப் தாளில் மாவிலை

மாவிலையின் பக்க நரம்புகள் மீன் முள்ளைப் போல நடுநரம்பின் இருபுறமும் வரிசையாகக் கிளைக்கின்றன. கிரேப் தாளின் சுருக்கக் கோடுகளையே அந்த நரம்புகளாக ஆக்கிக்கொள்வதுதான் இங்குள்ள உத்தி. வரைவதோ தைப்பதோ தேவையில்லை.

தாள் மெல்லியதாக இருந்தால் முதலில் இரண்டு தாள்களைச் சுருக்கக் கோடுகள் ஒரே திசையில் இருக்குமாறு ஒட்டித் தடிப்பாக்க வேண்டும். பசையில் நீர் மிகுந்தால் சாயம் கசியும், சுருக்கமும் விரிந்து மறைந்துவிடும். ஆகவே வெள்ளைப் பசையை மிகக் குறைந்த நீரோடு, தூரிகையில் ஏறக்குறைய உலர்ந்த பதத்தில் எடுத்துத் தடவ வேண்டும். உலர்ந்தபின், சுருக்கக் கோடுகளுக்கு 45 பாகைச் சாய்வில், 3 செ.மீ. அகலமும் 18 செ.மீ. நீளமும் உள்ள இரண்டு பட்டைகளை வெட்டிக்கொள்ள வேண்டும். நேராக வெட்டினால் இம்முறை முழுவதும் பாழ்.

இப்போது ஒரு பட்டையை மட்டும் புரட்டிப் போட்டு, இரண்டையும் நீளவாக்கில் அருகருகே வைத்துப் பார்த்தால், கோடுகள் நடுவில் கூடி இருபுறமும் சாய்வாக விரிவதைக் காணலாம். ஒட்டுவதற்கு முன் எது நுனி, எது காம்பு என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும்: கோடுகள் நடுவிலிருந்து வெளியே செல்லச் செல்ல நுனியை நோக்கி ஏற வேண்டும். மாறி இருந்தால் முழுவதையும் தலைகீழாகத் திருப்பினால் போதும். ஒருபக்கம் மட்டும் நிறம் கொண்ட தாளாக இருந்தால் புரட்டும் வழி உதவாது; இரண்டாம் பட்டையைத் தொடக்கத்திலேயே எதிர்ச்சாய்வில் வெட்ட வேண்டும்.

ஒரு பட்டையின் உள்விளிம்பில் 4 மி.மீ. அகலத்துக்குப் பசை தடவி, அதன்மேல் 24 செ.மீ. நீளமுள்ள கம்பியைப் படியவைத்து, காம்புப் பக்கம் 6 செ.மீ. வெளியே நீளுமாறு விட்டு, மற்றப் பட்டையின் விளிம்பை மேலே பொருத்தி அழுத்த வேண்டும். கம்பி இரண்டு தாள்களுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். தடித்த புத்தகத்துக்கு அடியில் ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். பசை ஈரமாக இருக்கும்போதே வெட்டத் தொடங்குவதால்தான் பலருடைய இலை நடுவில் பிளந்துவிடுகிறது.

உலர்ந்தபின் மாதிரி அட்டையின் நடுக்கோடு கம்பியின்மேல் அமையுமாறு வைத்து வரைந்து, நடுவில் நாலரை செ.மீ. அகலம் வருமாறு வெட்டலாம். அடுத்தது உருக்கொடுத்தல். இரு கைகளின் பெருவிரல், சுட்டுவிரல்களால் விளிம்பைப் பிடித்துச் சிறிது சிறிதாக இழுத்துவிட்டால், சாய்வாக வெட்டிய தாள் நீண்டு கொடுத்து, மாவிலைக்கே உரிய மெல்லிய அலை விளிம்பில் எழும். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று நான்கு இடங்களுக்கு மேல் இழுக்க வேண்டாம். பிறகு கம்பியைப் பின்னோக்கிச் சற்று வளைத்தால் இலை தொங்கும் பாங்கு வந்துவிடும்.

எல்லா இலைகளையும் ஒரே பச்சையில் செய்வது கடைச்சரக்கின் தோற்றத்தைத் தரும். மாங்கொழுந்து செம்பு நிறமாக இருப்பது நாம் அறிந்ததுதானே. பத்து இலைகளில் இரண்டை அளவில் சிறிதாக, செம்பழுப்புத் தாளில் செய்து இடையிடையே சேர்க்கலாம். அல்லது கெட்டித் தேயிலை வடிநீரைப் பஞ்சில் ஒற்றி, வெளிர்பச்சைத் தாளின் நுனிப்பகுதியில் மட்டும் தடவலாம். பளபளப்புக்காக உருக்கிய மெழுகு பூசும் முறையும் உண்டு. நம் ஊர் வெயிலில், வாசற்படியில் தொங்கப்போகும் இலைக்கு அது பொருந்தாது. மெழுகு இளகி, தூசியைப் பிடித்து, ஒரு கோடைக்குள் கருத்துவிடும்.

துணியில் வெற்றிலை

வெற்றிலையில் நரம்பு அமைப்பே வேறு. ஐந்து முதல் ஏழு நரம்புகள் அடிப்பகுதியிலிருந்து கிளம்பி, வில்லாக வளைந்து நுனியை நோக்கிச் செல்கின்றன. வளைவான கோடுகளைத் தாளின் சுருக்கம் தராது, நூல் தரும். ஆகையால் இது தையலுக்கான இலை.

துணியை முதலில் துவைத்துக் கஞ்சியை நீக்கி உலர்த்த வேண்டும். பிறகு மாதிரி அட்டையைத் துணியில் நேராக வைக்காமல், தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் குறுக்குச் சாய்வில், நடுநரம்பு பாவுக்கும் ஊடைக்கும் இடையே 45 பாகையில் அமையுமாறு வைக்க வேண்டும். இதனால் மூன்று நன்மைகள். விளிம்பிலிருந்து நூல் பிரிந்து வருவது குறையும். வளைவுகள் சுருக்கமின்றிப் படியும். பாவு ஒருபுறமும் ஊடை மறுபுறமும் சாய்ந்து ஓடி, இலையின் இரு பாதிகளும் வெளிச்சத்தில் வெவ்வேறாக மின்னும். பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக நெய்த மயில்கழுத்துத் துணி கிடைத்தால் இது இன்னும் எடுப்பாகத் தெரியும்.

மேற்புறத்துக்கு அடர்பச்சை, அடிப்புறத்துக்கு ஒரு படி வெளிறிய பச்சை என இரண்டு துண்டுகள் வேண்டும். சுற்றிலும் 5 மி.மீ. தையல் இடம் விட்டு வெட்டிய பிறகு, மேல்துண்டின் உட்புறத்தில் ஒட்டு கேன்வாஸை இஸ்திரிச் சூட்டில் ஒட்ட வேண்டும். கேன்வாஸைக் குறுக்கில் வெட்டாமல் அதன் நேர் இழை நடுநரம்பு வழியாகச் செல்லுமாறு வெட்டுவது முக்கியம். குறுக்குத் துணி இழுபட்டு நீள்வதை அதுதான் தடுக்கிறது. அடித்துண்டின் நடுவிலும் 2 செ.மீ. அகலமுள்ள கேன்வாஸ் பட்டை ஒன்றை ஒட்டிவிடலாம். அது எதற்கென்பது சற்றுப் பின்னால் விளங்கும்.

இரண்டு துண்டுகளின் நல்ல பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்குமாறு வைத்து, இடைவெளி விடாமல் முழு விளிம்பையும் தைக்க வேண்டும். இயந்திரமானால் தையல் நீளத்தை 2 மி.மீ. அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம், கையானால் ஒவ்வொரு முறையும் ஊசியைப் பின்னோக்கிக் குத்தி எடுக்கும் நெருக்கமான பின்தையல். நுனிக்கு வரும்போது கூர்முனையில் சட்டென்று திரும்பாமல், குறுக்காக ஒரே ஒரு தையல் போட்டுத் திரும்புவது தையற்காரர்களின் பழைய உத்தி. முரண்போலத் தோன்றினாலும், அந்த ஒரு தையல் இடைவெளி இருந்தால்தான் புரட்டியபின் முனை கூர்மையாக நிற்கும். இல்லையேல் துணி உள்ளே திரண்டு மொட்டையாகிவிடும். தைத்தபின் முனையில் மிகுந்த துணியைக் கத்தரித்து, வெளிவளைவுகளில் சிறு முக்கோண வெட்டுகளும், காம்போரத்து உள்வளைவில் தையல் வரை நேர் வெட்டுகளும் கொடுக்க வேண்டும்.

இனி, அடித்துண்டின் நடுவில், கேன்வாஸ் பட்டை ஒட்டிய இடத்தில், 3 செ.மீ. நீளத்துக்குக் கத்தரியால் பிளந்து, அதன் வழியாக இலையை வெளிப்புறம் புரட்டலாம். பட்டை இருப்பதால் பிளவு கிழிந்து பெரிதாகாது. முனையைத் தள்ள மழுங்கிய மரக்குச்சியைப் பயன்படுத்த வேண்டும். கத்தரி முனையால் தள்ளினால் துணியில் ஓட்டை விழும். விளிம்பை விரல்களால் உருட்டிச் சரிசெய்து இஸ்திரி போட்டபின், பிளவைச் சில தையல்களால் மூடலாம். அது நடுநரம்பின் அடியில் மறைந்துவிடும்.

நரம்புகளுக்கு, ஆறு இழைகள் கொண்ட எம்பிராய்டரி நூலில் மூன்று இழைகளைப் பிரித்தெடுத்து நடுநரம்பைக் கயிற்று முறுக்குப்போலத் தொடர்ந்து செல்லும் காம்புத் தையலால் போட வேண்டும். பக்க நரம்புகளுக்கு இரண்டு இழைகள் போதும். எல்லா நரம்புக்கும் ஒரே தடிமன் வைத்தால் இலை கோலம் போட்டதுபோலத் தட்டையாகிவிடுகிறது. நடுநரம்பைத் தைக்கும்போது நாலைந்து தையலுக்கு ஒருமுறை நூலைச் சற்று இறுக்கினால், நடுவில் மெல்லிய பள்ளம் விழுந்து இரு பக்கங்களும் எழும்பும். இந்தப் பள்ளத்தைக் கம்பியால் உண்டாக்குவதைவிட நூலால் உண்டாக்குவது நிலைத்து நிற்கிறது, துவைத்தாலும் போகாது. இலை தானே வளைந்து நிற்க வேண்டுமென்றால் மட்டும், நடுநரம்பின் இருபுறமும் 3 மி.மீ. இடைவெளியில் இரண்டு தையல் வரிகள் போட்டு, அவற்றுக்கிடையே நுனி மடித்த கம்பியைச் செலுத்தலாம்.

கலப்பு நாரில் அரசிலை

கீழே விழுந்து மட்கி நரம்பு மட்டும் எஞ்சிய அரசிலையைப் பார்த்திருப்போம். நாரில் செய்ய வேண்டியது அந்த வலைப்பின்னலைத்தான். இதற்குத் தையலும் வேண்டாம், நெசவும் வேண்டாம். நார்களைப் பசையால் ஒன்றோடொன்று பிணைத்துத் தாளாக்கிவிடுகிறோம்.

வாழைநாரைச் சிறிது நேரம் நீரில் ஊறவைத்து, ஊசி முனையால் கீறி, முடியிழை அளவுக்குப் பிரித்துக்கொள்ள வேண்டும். அரசிலை வரைந்த தாளை மேசைமேல் வைத்து, அதன்மேல் பாலித்தீன் தாளை விரித்தால் கோடுகள் தெரியும். அதன்மீது முதலில் தடித்த சணல் இழையை நடுநரம்பாகக் கிடத்தி, அரசிலையின் அடையாளமாகிய வால்போன்ற நுனிவரை அதையே நீளவிட வேண்டும். அடுத்து, நடுத்தரத் தடிமனுள்ள வாழைநார்களைப் பக்க நரம்புகளாக, ஒவ்வொன்றும் நடுநரம்பின்மேல் சிறிதாவது ஏறுமாறு அடுக்க வேண்டும். இவற்றுக்கு மேலே மெல்லிய நார், பட்டு நூல் கழிவு, பச்சை நூல் வெட்டுகள் ஆகியவற்றை நரம்புகளுக்குக் குறுக்காக, அடியிலுள்ள கோடு தெரியும் அளவுக்கு மெலிதாகத் தூவ வேண்டும். குறுக்கு அடுக்கு இல்லாவிட்டால் உலர்ந்தபின் உரிக்கும்போது நார்கள் தனித்தனியே கழன்றுவிடும். தடித்துவிட்டாலோ அது இலையாகாமல் மிதியடியாகிவிடும்.

பிறகு கொசுவலைத் துண்டை மேலே விரித்து, ஒரு பங்கு வெள்ளைப் பசையும் இரண்டு பங்கு நீரும் கலந்த கரைசலைத் தூரிகையால் வலையின்மேல் தட்டித் தட்டி ஊறவைக்க வேண்டும். வலை இருப்பதால் தூரிகை நார்களை இழுத்துக் கலைக்காது. மிகுந்த கரைசலைப் பழந்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, ஈரமாக இருக்கும்போதே வலையை ஒரு மூலையிலிருந்து மெதுவாகத் தூக்கிவிட வேண்டும். உலரவிட்டால் வலையும் இலையின் ஒரு பகுதியாகிவிடும். நிழலில் ஒரு நாள் உலர்ந்தபின் பாலித்தீனிலிருந்து உரித்து விளிம்பை வெட்டலாம். விளிம்பில் ஆங்காங்கே நீண்டு நிற்கும் ஓரிரு நார்களை விட்டுவைப்பது என் விருப்பம். ஒழுங்காக வேண்டுவோர் வெட்டிக்கொள்ளலாம்.

இதே இலையை, நீரில் கரையும் தாள்களுக்கிடையே நார்களை வைத்துத் தையல் இயந்திரத்தால் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்து, பிறகு தாளைக் கரைத்துவிட்டும் செய்யலாம். முடிவு நேர்த்தியாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு தையல் வரியும் மற்றொரு வரியைக் கடந்து செல்ல வேண்டும். தனித்து நிற்கும் வரி, தாள் கரைந்ததும் நூலாக உதிரும். இயந்திரத்தில் துணியைத் தன்னிச்சையாக நகர்த்தித் தைத்துப் பழகியபின் இதற்கு வரலாம்.

கோத்தலும் பேணலும்

காம்புகளுக்குச் சுற்றும் பச்சை டேப் இழுத்துச் சுற்றினால்தான் ஒட்டும். தளர்வாகச் சுற்றினால் ஒட்டவே ஒட்டாது. டேப் கிடைக்காத இடத்தில் 1 செ.மீ. அகலக் கிரேப் பட்டையைப் பசையோடு சுற்றலாம்; ஆனால் அந்தப் பட்டையைச் சுருக்கக் கோடுகளுக்குக் குறுக்காக வெட்டியிருக்க வேண்டும், அப்போதுதான் நீளவாக்கில் இழுபடும்.

தோரணமாகக் கட்டுவதானால், 90 செ.மீ. அகல வாசலுக்கு 6 செ.மீ.க்கு ஒன்றாகப் பதினைந்து மாவிலைகள் தேவைப்படும். பச்சை மாவிலையைக் கயிற்றின்மேல் மடித்துக் காம்பாலேயே குத்தி நிறுத்துவது போலக் காகித இலையைக் குத்த முடியாது. கம்பிக் காம்பைக் கயிற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை உள்ளே மடக்கிவிட வேண்டும். கூரிய முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சேலைத் தலைப்பும் குழந்தையின் கையும் அதில்தான் மாட்டும். துணி இலைகளுக்குப் பின்புறத்தில் நூல் கண்ணி தைத்துக் கோக்கலாம். துவைக்கும்போது கழற்றவும் எளிது.

கிரேப் தாளின் சாயம் வெயிலில் விரைந்து வெளுக்கும் என்பதால் காகித இலைகளை வீட்டுக்குள்ளேயே, உள்வாசலில் தொங்கவிடுவது நல்லது. வெயில் படும் தலைவாசலுக்குத் துணி இலைகளே உகந்தவை. மைதாவோ கஞ்சியோ பட்ட எதையும் ஈரக்காற்று உள்ள மாதங்களில் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. எடுத்து வைக்கும்போது செய்தித்தாளில் சுற்றினால் அச்சு மை இலையில் ஏறிவிடும். வெள்ளைத்தாள்களுக்கிடையே அடுக்கி, பெட்டியில் சில கிராம்புகளைப் போட்டு மூடிவைத்து, பண்டிகைக்கு முந்தைய நாளே வெளியே எடுத்துக் காற்றாடவிட்டு, நசுங்கிய கிரேப் இலைகளின் விளிம்பை மட்டும் மறுபடி விரலால் இழுத்துவிட வேண்டும்.